குவாட்டர்ஸில் ஆறு மாசம்

என் வீட்டுக்காரருக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அதனால் எனக்கு வேலை போனது.

யாரும் என்னை வேலையை விட்டு நிற்கச் சொல்லவில்லை. எங்கள் எஸ்டேட்டில் சூப்பர்வைசர் பெண்டாட்டி கொழுந்து எடுக்கப் போக மாட்டாள். புருஷன் மேற்பார்வை பார்க்கிற காட்டில் பெண்டாட்டி கூடை போட்டு நின்றால் நன்றாக இருக்காது என்பார்கள். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. ஆனால் போனவள் என்று ஒருத்தியும் இல்லை.

மூணாறு பக்கம் சூரியநெல்லிக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலை எஸ்டேட் எங்களுடையது. பெயர் வேண்டாம். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று பிரிந்திருக்கும்; நாங்கள் மேல் டிவிஷன். நான் ஐந்தாவது வரை படித்தேன். இருபத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தேன். அவர் மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தார். ஒரே மகள். கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள்.

எஸ்டேட்டில் சம்பளமும் வீடும் சேர்ந்துதான் வரும். தொழிலாளிக்கு லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டுக் குடும்பம். சூப்பர்வைசருக்கு லயத்துக்கு மேலே குவாட்டர்ஸ். அதற்கும் மேலே ஆபீஸ்காரர்கள் வீடு. உச்சியில் மேனேஜர் பங்களா. சம்பளம் ஏறினால் வீடும் மேட்டில் ஏறும். யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. நிமிர்ந்து பார்த்தால் போதும்.

மேனேஜர் அவரிடம் சொன்னது இதுதான். ஆறு மாசம் பார்த்துக்கொள். பிடித்தால் பேப்பரில் கையெழுத்துப் போடு. பிடிக்காவிட்டால் பழைய வேலைக்குப் போகலாம். எனக்கு ஆறு மாசம் சம்பளமில்லாத லீவு. அது முடியும்போது நானும் ஒரு பேப்பரில் ஒப்பு போடவேண்டும். வேலைக்கு வருகிறேன், இல்லையென்றால் வேலையை விடுகிறேன். விட்டால் விட்டதுதான். அப்புறம் சேர்க்க மாட்டார்கள்.

ஆறு மாசம் எதற்கு என்று அப்போது நினைத்தேன். பெரிய வீடு, பெரிய வேலை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒரு விஷயம் மட்டும் முதல் மாசமே தெரிந்தது. அவருக்குக் கூடின சம்பளம் எனக்கு நின்றுபோன சம்பளத்தைவிடக் குறைவு. மகளிடம் போனில் சொன்னேன்.

"ஏம்மா, இதுக்குப் பேரு பிரமோஷனா?" என்று சிரித்தாள்.

"அப்பாட்ட சொல்லாத" என்றேன்.

"அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். சொன்னாத்தான் கஷ்டம்."

ஆனால் லயத்தில் எல்லோரும் நாங்கள் பணக்காரர் ஆகிவிட்டோம் என்றே நினைத்தார்கள். ஒரு கல்யாணத்துக்கு வழக்கமாக வைக்கிற மொய்யை வைத்தேன். வாங்கினவள் கவரைத் தடவிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

குவாட்டர்ஸ் நல்ல வீடு. மூன்று அறை. ஜன்னலுக்குக் கண்ணாடி. அடுப்படியிலேயே தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலே, கக்கூஸ் வீட்டுக்குள்ளே. லயத்தில் அது வெளியே, இருபதடி தள்ளி. எங்கள் பக்கம் யானை வரும். பல வருஷம் பொழுது விடியும் முன்னால் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, காது கொடுத்துக் கேட்டு, அதன்பிறகுதான் ஓடுவோம். மழைக்காலத்தில் அடக்கிக்கொண்டு படுத்திருப்போம். குவாட்டர்ஸுக்குப் போன முதல் வாரம் நான் தேவையில்லாமல்கூட உள்ளே போய் விளக்கைப் போட்டு நின்றுவிட்டு வந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அது சந்தோஷம்தான். அதில் சந்தேகம் இல்லை.

மற்றதில்தான் சந்தேகம்.

குவாட்டர்ஸுக்குப் போன ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ஒன்று நடந்தது. காலையில் எஸ்டேட் சங்கு ஊதியது. அவர் முன்னாலேயே போய்விட்டார். நான் எழுந்தேன், இடுப்பில் சாக்கைக் கட்டினேன், தலைக்குத் துணி போட்டேன், பையை எடுத்தேன், இறங்கினேன். எதுவும் நினைக்கவில்லை. கால் போனது, நானும் போனேன். ஆட்கள் கூடுகிற மஸ்டர் முற்றத்தில், வழக்கமாக நிற்கிற இடத்தில், பழைய பக்கத்து வீட்டுக்காரிக்கு அடுத்தாற்போல நின்றேன். நான் விளையாட்டுக்கு வந்திருப்பதாக அவள் நினைத்தாள்.

எங்களுக்கு மஸ்டரில் பெயர் கிடையாது, நம்பர்தான். அவர் தலையைக் குனிந்து நோட்டைப் பார்த்து வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டுக்காரி நம்பர். அடுத்து என்னுடையது. நோட்டில் அதை அடித்துவிட்டிருந்தார்கள். ஆனால் அவர் வாய் கூப்பிட்டுவிட்டது.

"வந்தேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். நானும் அப்போதுதான் முழித்தேன்.

முற்றமே சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரி விடவில்லை. "சார், ஒங்க வீட்டம்மாவுக்கு முழு நாளு போடுவீயளா, அர நாளா?"

இன்னொருத்தி, "அவுகளுக்கு நல்ல எலை உள்ள எடமாப் பாத்துக் குடுங்க சார். பொறவு வீட்டுல சோறு கெடைக்காது" என்றாள்.

அவரும் சிரித்தார். அதோடு என்னைப் பார்த்துச் சின்னக் குரலில், "போ" என்றார்.

ஏறி வந்தேன். சாக்கை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்ததா, அவர்கள் சிரிப்பில் நானும் நின்றது பிடித்திருந்ததா? இரண்டும் ஒன்றாக இருந்தது. எது கூடுதல் என்று தெரியவில்லை. அன்றைக்குச் சமைக்க மறந்துபோனேன். அவர் வந்து பழைய சோற்றைத் தின்றுவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களுக்குள் சொந்தமில்லை. ஆனாலும் அண்ணியைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவளை மயினி என்பேன், அவளும் என்னை மயினி என்பாள். லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் திறந்துகிடக்கும். இங்கே கருவாடு பொரித்தால் அங்கே தும்முவாள். இங்கே சண்டை நடந்தால் அங்கிருந்து தீர்ப்பு வரும். "மயினி, அண்ணன் சொல்லுததுதான் சரி" என்பாள். எரிச்சலாக வரும். இருபத்திரண்டு வருஷம் அந்தச் சுவரை ஏசினேன். குவாட்டர்ஸில் சுவர் முழுதாக இருந்தது. சண்டை போட்டால் எங்களுக்கு மட்டும் கேட்டது. யார் சொன்னது சரி என்று சொல்ல ஆளில்லாமல் சண்டை நாள் கணக்கில் இழுத்தது.

மழை தொடங்கியபோது பெரிய சங்கடம் வந்தது. மழையில் எடுத்த கொழுந்து ஈரத்தோடு கனக்கும். எடை போடும்போது சூப்பர்வைசர் ஈரத்துக்கென்று சில கிலோ குறைப்பார். எவ்வளவு என்பது அவர் கண்மதிப்பு. முன்னால் வேறு சூப்பர்வைசர்கள் குறைத்தபோது நானும் மயினியும் வழிநெடுக ஏசிக்கொண்டு வருவோம். "இவன் வெளங்குவானா?" என்பேன். "இவன் பொண்டாட்டி கழுத்துல கெடக்குத செயினு நம்ம எலதான்" என்பாள் அவள்.

ஒரு நாள் சாயங்காலம் மயினி கீழ்ப்பாதையில் நின்று குரல் கொடுத்தாள். அடுப்படி ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

"மயினி! இன்னைக்கு என்ன கொழம்பு?"

"சாம்பாரு. ஏன், வேணுமா?"

"வேண்டாம். எம் மூணு கிலோவ எதுல போட்டு வெச்சீயன்னு கேக்க வந்தேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று அவர் வந்ததும் கேட்டேன்.

"ஈரம் இருந்துச்சி. கொறைச்சேன்" என்றார்.

"மூணு கிலோவா?"

"மத்தவளுக்கும் மூணுதான். நான் கொறைக்கலன்னா பேக்டரியில எங்கிட்ட கேப்பான்."

"முந்தி நாம என்ன பேசுவோம்?"

"முந்தி நான் மருந்தடிச்சேன்."

அவர் சொன்னது தப்பில்லை. மயினி சொன்னதும் தப்பில்லை. என் கழுத்தில் செயின் இல்லை. ஆனாலும் கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன்.

மயினி ஒரு மாசம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கோயிலில் பார்த்தபோது, பெண்கள் பாயில் நகர்ந்து எனக்கு இடம் விடவில்லை. அவர்களுக்குக் கோபம் இல்லை. ஒருத்தி எழுந்து போய் நாற்காலி எடுத்துக்கொண்டு வந்து போட்டாள். "இங்க உக்காருங்கக்கா" என்றாள். என்னைவிட மூத்தவள். அக்கா என்கிறாள். உட்கார்ந்தேன். முட்டிக்குச் சுகமாகத்தான் இருந்தது. பூசை முழுக்க எல்லோருடைய உச்சந்தலையும் தெரிந்தது. அடுத்த வாரமும் நாற்காலி இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாமா என்றும் தெரியவில்லை.

எங்கள் பழைய லயத்து வீட்டை ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுத்தார்கள். சின்ன வயது. அவளுக்கு என்னுடைய பழைய சம்பளம், என்னுடைய பழைய கூரை. கதவுக்கு நீல பெயின்ட் அடித்திருந்தாள். ஒருநாள் அந்த வழியாகப் போகும்போது போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். அவள் அம்மாவுக்கு வீட்டைக் காட்டுகிறாள். பைப்பைக் காட்டினாள், அடுப்பைக் காட்டினாள், மலையைக் காட்டினாள். பிறகு என்னையும் காட்டினாள். நான் சிரித்தேன். போனில் இருந்த கிழவியும் சிரித்தாள்.

"வீடு நல்லாருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா. ரொம்ப நல்லா. தண்ணி பக்கம். மாசம் மாசம் பைசா" என்றாள்.

"மழைக்கு ஒழுகுமே?"

"கொஞ்சம். பாத்திரம் வெக்கும்" என்று சிரித்தாள்.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. அதே ஒழுக்கு. நானும் பாத்திரம் வைத்தேன். ஆனால் சிரித்துக்கொண்டு வைத்ததாக நினைவில்லை. சம்பளம் அதேதான், வீடு அதேதான். அப்படியானால் நான்தான் சரியில்லையோ என்று நினைத்தேன். எத்தனையோ வருஷம் நன்றாக இருந்த வீட்டில் இருந்துகொண்டே நன்றாக இல்லை என்று ஏசிக்கொண்டிருந்தேனா?

அதற்குள் மயினி மறுபடி பேசத் தொடங்கியிருந்தாள். சமாதானம் எதுவும் பேசவில்லை. ஒருநாள் கடையில் பார்த்து, "மயினி, சீனி என்ன வெல விக்கான் பாத்தீயளா?" என்றாள். அவ்வளவுதான். அவளிடம் இந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"சிரிக்காளா? போன வெச்சதும் அழுவா" என்றாள். "புள்ளைய அவ அம்மாட்ட விட்டுட்டு வந்திருக்கா. ரெண்டு வயசாம். செவுத்துக்கு மேல எல்லாம் கேக்குல்லா."

"அப்போ சந்தோஷமா இல்லையா?"

"அழுதுட்டு அவளே பாட்டும் பாடுதா. நல்ல பாட்டு. எம் பொண்ணு அத கேட்டுக்கிட்டேதான் படிக்கா. இதுல நான் எத கணக்குல எடுக்க?"



காசு இருந்தால் சந்தோஷம் இல்லை என்று சிலர் பேசுவார்கள். அதையும் நான் நம்பவில்லை. எங்கள் எஸ்டேட்டில் பேக்டரி ஆபீசர் வீட்டம்மா இருக்கிறார். மேட்டு வீடு, கார், இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில். அந்தம்மாவைப்போல வாய்விட்டுச் சிரிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சிரிப்பார். அவரைப் பார்த்தால் காசுதான் எல்லாம் என்று தோன்றும். மயினியிடம் காசே இல்லை. மூன்று பிள்ளைகள், குடிக்கிற புருஷன். அவளும் சிரிக்கிறாள். ஆனால் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளித் தள்ளி, மூன்று மாசம் முகம் கறுத்துக் கிடந்தாள். அப்போது கையில் காசு இருந்திருந்தால் அந்த மூன்று மாசக் கஷ்டம் அவளுக்கு இருந்திருக்காது. ஆக, காசு வேண்டும். எதுவரைக்கும் வேண்டும், அதற்கப்புறம் என்ன வேண்டும் என்பதில்தான் எனக்குக் குழம்புகிறது.

ஆறாம் மாசம் முடிகிற அன்றைக்கு முந்தின நாள் சாயங்காலம். அவர் வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கப் போட்ட உப்பைத் தட்டிவிட்டார்.

"நாளைக்கு ஒப்பு போடணும்."

"ம்."

"ஒனக்கு இங்க புடிச்சிருக்கா?"

"கக்கூஸ் புடிச்சிருக்கு."

சிரித்துவிட்டார். "அதுக்காக ஒப்பு போடவா?"

"ஒங்களுக்குப் புடிச்சிருக்கா?"

கொஞ்ச நேரம் பூட்ஸைத் தேய்த்தார். "மருந்து டேங்கு தோள்ல இல்ல. ராத்திரி இருமல் இல்ல. மூச்சு நல்லாருக்கு" என்றார்.

"அப்போ நல்லாத்தான் இருக்கீய."

"நல்லாத்தான் இருக்கேன். ஆனா ஒரு பயலும் எங்கிட்ட பீடி கேக்க மாட்டேங்கான்."

"கேட்டா ஏசுவீயளே."

"ஏசிட்டுக் குடுப்பேன்ல."

திரும்பப் பழைய வேலைக்குப் போனால் அந்த இருமல் திரும்ப வரும். அது எனக்குத் தெரியும். அவர் ஒப்பு போடத்தான் வேண்டும். என் பேப்பரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நான் வேலையை விடுவது முடிந்த விஷயம் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். என் சேலை மடிப்பில் ஆபீஸில் கேட்ட அடையாள அட்டை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் ஆபீஸுக்குப் போனோம். மேனேஜர் மலையாளி, நல்ல மனுஷன். எங்களிடம் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார்.

"எந்தா, குவாட்டர்ஸ் இஷ்டப்பட்டோ? சந்தோஷமா இருக்குதா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார்.

"தெரியல சார்" என்றேன் நான்.

மேனேஜர் சிரித்தார். "ஆறு மாசம் போதலையா?"

என் வீட்டுக்காரர் குனிந்து ஒப்பு போட்டார். பேப்பர் என் பக்கம் வந்தது. இரண்டு வரி. ஒன்றில் கோடு போட்டு அடித்துவிட்டு ஒப்பு போடவேண்டும். பேனாவைக் கையில் வாங்கினேன். வேலைக்கு வருகிறேன் என்ற வரியை அடிக்கத்தான் போனேன். கை அந்த வரி மேல் நின்றது.

"சார், கீழ் டிவிஷன்ல ஆள் பத்தலன்னு சொன்னாங்களே" என்றேன்.

"பத்தலை. எந்தே?"

"அங்க இவரு இல்ல. வேற சூப்பர்வைசர். அங்க நான் போவட்டா?"

மேனேஜர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சட்டத்துல ஒண்ணும் தடசம் இல்லை. ஆனா இதுவரைக்கும் யாரும்..." என்று நிறுத்தினார். பிறகு அவரிடம், "நிங்களுக்குக் குறைச்சலா தோணாதா?" என்று கேட்டார்.

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே லாரியில் ஆட்கள் இலை மூட்டையை ஏற்றும் சத்தம். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் அந்த வரியை அடித்திருப்பேன். அது உண்மை.

"இருவத்திரெண்டு வருஷ சர்வீஸ், சார்" என்றார். அதை மட்டும் சொன்னார்.

வேலையை விடுகிறேன் என்ற வரியில் கோடு போட்டேன். கோடு கோணலாகப் போனது. கீழே ஒப்பு போட்டேன்.

திரும்பும் வழியில் ஏற்றம் முடிகிற இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"எனக்கே தெரியாது."

"சனம் என்ன சொல்லும்னு யோசிச்சியா?"

"இல்ல."

"பேராசை புடிச்சவன்னு சொல்லும். ரெண்டு சம்பளம், குவாட்டர்ஸும்பாங்க."

"சொல்லட்டும்."

இன்னும் கொஞ்ச தூரம் போனோம். "எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

"எனக்குந்தான்."

"ஒனக்கு எதுக்கு?"

"தெரியல" என்றேன்.

இப்போது இரண்டு மாசம் ஆகிறது. காலையில் முக்கால் மணி நேரம் இறங்கிப் போகிறேன். சாயங்காலம் ஏறி வருகிறேன். கால் வலிக்கிறது. கீழ் டிவிஷன் பெண்கள் என்னிடம் கொஞ்சம் தள்ளியே இருக்கிறார்கள். அங்கே உள்ள சூப்பர்வைசர் என் இலையில் குறைக்கத் தயங்குகிறார். குறையுங்கள் என்று நானே சொன்னேன். அதற்கும் ஒருத்தி முகத்தைத் திருப்பினாள். எங்கள் வீட்டில் இந்த அளவு வருமானம் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. வீட்டில் இருக்கிற நேரமும் இந்த அளவு குறைந்ததில்லை.

போன ஞாயிறு பக்கத்து குவாட்டர்ஸ் சூப்பர்வைசர் பெண்டாட்டி வந்தாள். நான் வேலைக்குப் போனதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. மற்ற சூப்பர்வைசர்களுக்கெல்லாம் நான் அவமானம் தேடிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். வந்தவள் உட்காரவில்லை. ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.

"கீழ இன்னும் ஆள் எடுக்காங்களா?" என்றாள்.

"எடுக்காங்கன்னுதான் நெனைக்கேன்."

"நீ இப்போ நல்லாருக்கியா?"

"முட்டி வலிக்கு."

"அத கேக்கல."

எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். யோசித்துப் பார்த்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். பதில் வராமல் போகமாட்டாள் போலத் தெரிந்தது. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"வந்து பாரேன்" என்றேன். "பாத்துட்டு எனக்கும் சொல்லு."